சில்லறை ஸ்தோத்திரம்

எங்கள் பக்கம் ஐயரைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டோம், "தோத்திரம் ஐயா" என்போம். அவரும் பைக்கை நிறுத்தாமலே "தோத்திரம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். (வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் போதகரை ஐயர் என்பது வழக்கம், அவர் மனைவி ஐயரம்மா. ஜாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஜெபத்துக்கு முதல் சொல்லும் ஸ்தோத்திரம், கடைசிச் சொல்லும் ஸ்தோத்திரம். கூட்டத்துக்கு முன்னால் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அதுதான்: "ஹலோ, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஒன், டூ, த்ரீ." நாற்பது வருஷம் இப்படிச் சொல்லிப் பழகிய என் நாக்குக்கு, அந்தச் சொல்லுக்கு நன்றி என்றொரு அர்த்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது.

என் ஆச்சிக்கு மட்டும் அது வாயில் இல்லை, கையில் இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் பிடியும் சின்னதாகும், ஆனால் நிற்காது. "பொங்கி முடிச்ச பெறவு மிச்சத்தைக் குடுக்கது பிச்சை. பொங்கும் முன்னால எடுக்கது தோத்திரம்" என்பாள். நாங்கள் சிரிப்போம். பானையில் அரிசி இருக்கும்போது வீட்டில் ஏன் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்பது எங்கள் கேள்வி.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் என் தம்பி போய்விட்டான். வயது 38. ஆக்சிஜன் படுக்கைக்காக இரண்டு நாள் அலைந்தோம். மூன்றாம் நாள் கிடைத்தது, ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு நான்கு பேர்தான் போக முடிந்தது, அதில் நான் இல்லை. அன்று சாயங்காலம் சொந்தத்தில் ஒரு மாமா போன் செய்தார். நல்ல மனிதர்தான், அவரும் அழுதுகொண்டுதான் பேசினார். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு வசனம் இருக்குல்லாம்மா, ஒரு தோத்திரம் சொல்லு, மனசு ஆறும்" என்றார். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் வீட்டில் குடும்ப ஜெபத்தில் உட்காருவேன், வாய் திறக்க மாட்டேன். ஆமென்கூட அத்தைதான் எனக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த வசனம் மட்டும் முள் மாதிரி உள்ளேயே கிடந்தது. நான் உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் டீச்சர். ஒருநாள் இலக்கணப் பாடம் எடுத்துவிட்டு வந்த கையோடு, கோபத்தில்தான், பைபிளைத் திறந்து 1 தெசலோனிக்கேயர் 5:18-க்கு வேற்றுமை உருபு பார்த்தேன். "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கிறது. ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். "எல்லாவற்றுக்கும்" என்றிருந்தால் நான்காவது. தம்பி செத்ததற்கு நன்றி சொல் என்று அதை எழுதிய பவுல் கேட்கவில்லை, அந்த நாளுக்குள் நின்றுகொண்டு சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா பார் என்கிறார், அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். எபேசியர் 5:20-இல் "எல்லாவற்றிற்காகவும்" என்றே வருகிறது, அதுவும் தெரியும். அதை ஐயரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "டீச்சர், அதைக் கடைசிப் பாடமா வெச்சுக்கோங்க. மொதல்ல ஏழாம் வேற்றுமைல பாஸ் பண்ணுங்க" என்றார். அந்தக் கடைசிப் பாடத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

2022 ஜனவரி முதல் ஞாயிறு திருவிருந்து. கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பார்கள். கிரேக்கத்தில் அதற்குள்ள பேரே நன்றி சொல்லுதல் என்கிற அர்த்தத்தில்தான் வருகிறது. சிறு வயதிலிருந்து எத்தனையோ நூறு தடவை கேட்ட வரி அன்று முதல் தடவையாகக் காதில் விழுந்தது: "காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி..." என்ன ராத்திரி அது? அப்படிப்பட்ட ராத்திரியில் ஸ்தோத்திரம் சொன்ன இயேசு, அதே ராத்திரியில் கெத்செமனேத் தோட்டத்தில் தரையில் விழுந்து இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றும் கேட்டிருக்கிறார். ஒன்று சொன்னால் மற்றது சொல்லக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போல. எனக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

காலண்டர் ஆரம்பமானது அந்த வாரத்தில். தீர்மானம் எடுத்து ஆரம்பித்ததில்லை. எங்கள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கும். வசனக் காலண்டர் சாமி ரூமில், அதாவது ஜெபம் பண்ணுகிற மேசைக்கு மேலே. (கிறிஸ்தவ வீட்டிலும் அத்தை அதைச் சாமி ரூம் என்றுதான் சொல்வார்.) ஜவுளிக்கடைக் காலண்டரில் கட்டம் பெரிதாக இருக்கும், பால் கணக்கு எழுத வசதி. அரை லிட்டர் வாங்கினால் ½, வாங்கவில்லையென்றால் பெருக்கல் குறி, சிலிண்டர் வந்த தேதிக்கு வட்டம், அத்தைக்கு மாத்திரை வாங்கிய நாளில் "மா". ஜனவரி 4-ஆம் தேதி பால்காரர் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு சொம்புப் பாலைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். பெருக்கல் குறி போடப் போன என் கை, அதற்குக் கீழே "அக்கா பால்" என்று எழுதியது. அவ்வளவுதான். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் ஸ்தோத்திரம் அதுதான் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாளும் ஒன்று எழுதினேன். "துணி காய்ந்தது." மார்கழி மேகம் மூடிக் கிடந்த வாரம், அதனால். அதற்கு மறுநாள் "ஏரல் பஸ்ஸில் சீட்." அப்புறம் "அத்தை ராத்திரி இருமவில்லை." மூன்றாம் வகுப்பில் வருஷம் முழுக்க எழுத்துக்கூட்டியே வாசித்துக்கொண்டிருந்த ஒரு பையன் ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்த நாளில், அவன் பெயரின் முதல் எழுத்தும் "வாசித்தான்" என்றும். இரண்டு மூன்று சொல், அதற்கு மேல் கட்டத்தில் இடமில்லை. இடமில்லாததுதான் நல்லதாகப் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன். இடம் இருந்திருந்தால் பிரசங்கம் எழுதியிருப்பேன்.

இதற்கு முன்னால் நான் முயற்சி செய்யாமல் இல்லை. எங்கள் பக்கம் பல வீடுகளில் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கம் உண்டு, ஒவ்வொரு நாமமாகச் சொல்லி ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று போகும். என் சின்னம்மா அதில்தான் உயிர் வாழ்கிறாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு இருநூறைத் தாண்டும்போது வாய் ஒரு பக்கம் ஓட, மனசு குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும். அதேபோல, "நீர் செய்த சகல உபகாரங்களுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று ஜெபத்தில் மொத்த வியாபாரியாகப் பேசிவிட்டு எழுந்துவிடுவேன். அந்தச் சகலத்தில் ஒன்றைச் சொல் பார்ப்போம் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். சங்கீதம் 103 சகல உபகாரங்களையும் மறவாதே என்கிறது. மறக்கக்கூடாது என்றால் முதலில் ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

136-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். அதை எழுதியவர் சில்லறை வியாபாரி. 26 வசனம், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". பகலுக்குச் சூரியன் என்று ஒரு வரி, இரவுக்குச் சந்திரன் நட்சத்திரம் என்று தனியாக ஒரு வரி. செங்கடலைப் பிரித்ததற்கு ஒன்று, நடுவே கடக்கப்பண்ணினதற்கு இன்னொன்று. சீகோன் ராஜா, ஓக் ராஜா என்று பெயரெல்லாம் போட்டிருக்கிறது. அப்புறம் கடைசிக்கு முந்தின வசனத்தில், இவ்வளவு பெரிய பட்டியலுக்குப் பிறகு, வந்து நிற்பது சாப்பாடு: மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவர். சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது, ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே என்று சந்தோஷப்பட்டோம், பாதி மனப்பாடம் ஏற்கெனவே முடிந்தது என்று.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது வாரம் வறண்டுவிட்டது. "சாப்பாடு", "சுகம்", "சாப்பாடு". வேறொன்றும் தோன்றவில்லை. அதோடு இன்னொரு வம்பு: வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்கு வந்தவர் காலண்டரைப் பார்த்துவிட்டு "அடடா, என்ன விசுவாசம்" என்றார். அடுத்த ஒரு வாரம் நான் எழுதியதெல்லாம் அவருக்காக எழுதியது. "தேவ சமாதானம்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கும் அத்தைக்கும் ரசத்தில் புளி பற்றிப் பெரிய சண்டை, சமாதானமாவது ஒன்றாவது.

அதிலிருந்து வெளியே வர உதவியது என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்க டீச்சர். அவர் ராத்திரி படுக்கும் முன் ஆன்மச் சோதனை செய்கிறவர். இக்னேஷியஸ் லொயோலா 16-ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த முறை. ஐந்து படிகள், முதல் படியே நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பிறகு அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒவ்வொரு மணி நேரமாக நடந்து பார்க்க வேண்டும். "நீங்க ராத்திரி பத்து மணிக்கு நின்னுட்டு நாளைத் திரும்பிப் பாக்குறீங்க, அதான் சாப்பாடு மட்டும் தெரியுது" என்றார். "காலைல எந்திரிச்ச இடத்துல இருந்து நடந்து வாங்க." அப்படி நடந்தபோது, காலை ஆறேகாலுக்கு மோட்டார் போட்டதும் தண்ணீர் வந்ததிலிருந்து ஆரம்பித்துப் பத்து மணிக்குள் கட்டத்தில் கொள்ளாத அளவுக்குக் கிடைத்தது. நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு, காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டே. மூன்று நிமிஷம் ஆகும்.

எழுத ஒன்றும் இல்லாத நாளும் உண்டு. தம்பியின் பிறந்த நாள் கட்டத்தில் "ஏன்?" என்று மட்டும் எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது, அதையும் யாரும் பைபிளிலிருந்து கிழிக்கவில்லையே. அன்றிலிருந்து என் கட்டத்தில் முறையீட்டுக்கும் இடம் உண்டு. முறையிட்டு முடித்த பிறகு சில நாள் அதே கட்டத்தில் இன்னொரு சொல்லும் எழுத வரும், சில நாள் வராது.

கட்டத்தில் மனிதர் யாராவது வந்தால் அவரிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. கடவுளிடம் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்று பள்ளியின் சத்துணவு ஆயாவிடம் கற்றுக்கொண்டேன். ஒருநாள் "சாம்பார்" என்று எழுதியிருந்தேன், மறுநாள் அவரிடம் "நேத்து சாம்பார் ரொம்ப நல்லாருந்துச்சு" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பதினோரு வருஷமா சமைக்கேன் டீச்சர். உப்பு கூடினாத்தான் ஆள் வரும்" என்றார்.

இதெல்லாம் சுகமான நாட்களின் கதை. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்கே நனைந்துகொண்டுதான் போனோம், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கீதப்பவனி வைத்திருந்த வாரம், அதை ஒத்திவைத்தார்கள். மழை நிற்கவே இல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். தாமிரபரணி கரையை மீறியது. 18-ஆம் தேதி விடியும்போது வீட்டுக்குள் முழங்கால், எட்டு மணிக்கு இடுப்பு. அத்தையைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். மாடிப்படிக்கு மேலே ஒரு சின்னத் தகரக் கூரை, அதன் கீழே பக்கத்து வீட்டு அக்கா குடும்பத்தோடு சேர்த்து ஏழு பேர், இரண்டு ராத்திரி. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வாழைத்தார்களும் ஆட்டுக்குட்டிகளும் தெருவில் மிதந்து போயின. அந்த இரண்டு ராத்திரியில் நான் ஒரு ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் "ஆண்டவரே, தண்ணி, தண்ணி" என்பது மட்டும்தான். தினமும் காலண்டரில் எழுதுகிறவளுக்கு அந்த நேரத்தில் தானாக வாயில் துதி வந்திருக்கும் என்று யாராவது நினைத்தால், வரவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு காலண்டர் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தாள் அப்பளம் மாதிரி ஆகிவிட்டிருந்தாலும் பால்பாயிண்ட் பேனா எழுத்து அழியவில்லை. 18, 19, 20 வெறும் கட்டங்கள். அன்று சேற்றை அள்ளிக் களைத்துப்போய் உட்கார்ந்தபோது, அந்தக் கத்தோலிக்க டீச்சர் சொன்ன மாதிரி அந்த மூன்று நாளையும் மெதுவாக நடந்து பார்த்தேன். 18-க்கு "படி" என்று எழுதினேன். எங்கள் மாமா, அத்தையின் கணவர், மாடி வீடு கட்டப் போகிறேன் என்று படியை மட்டும் முதலில் கட்டிவிட்டுக் காசில்லாமல் நிறுத்திவிட்டவர். வானத்துக்குப் போகிற படி என்று இருபது வருஷம் நாங்கள் கேலி செய்த படி அது. அவர் இப்போது இல்லை. 19-க்கு "அக்கா வீட்டு பிஸ்கட் 2 பாக்கெட்". 20-க்கு "வள்ளம்". தூத்துக்குடியிலிருந்து மீனவர்கள் வள்ளங்களைக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை ஏற்றியவரின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது, கட்டத்தில் இருக்கிற ஒருவரிடம் என்னால் சொல்லவே முடியாது.

அந்த வாரம் எங்கள் பக்கத்தில் ஸ்தோத்திரத்துக்கு ஆளுக்கொரு உருவம் இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய்ப் பயணிகள் சிக்கிக்கொண்டபோது, புதுக்குடிக்காரர்கள் தங்களிடமிருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். எனக்கு ஆச்சியின் பானைதான் ஞாபகம் வந்தது.

இனி என் பெரிய தப்புக்கு வருகிறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. வருஷக் கடைசி என்பதால் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்தேன். "நம்ம தெருவுல எத்தனையோ வீடு விழுந்துபோச்சு, எங்க வீட்டுச் சுவர் ஒண்ணுகூட விழாம ஆண்டவர் காத்தார், தோத்திரம்" என்றேன். கோயில் முழுக்க ஆமென் என்றது. இரண்டு பெஞ்ச் முன்னால், மண் வீடு மொத்தமாகக் கரைந்துபோய்ப் பள்ளிக்கூட வகுப்பறையில் பத்து நாளாகப் படுத்திருந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவரும் ஆமென் என்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து லூக்கா 18-ஐ எடுத்தேன். தன்னை நீதிமான் என்று எண்ணி, வரி வசூலிக்கும் ஆயக்காரனுக்குப் பக்கத்தில் ஆலயத்தில் நின்ற பரிசேயன் என்ன சொல்கிறான்? "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." அவனும் ஸ்தோத்திரம்தான் சொன்னான். பக்கத்தில் நிற்பவனை அளவுகோலாக வைத்துச் சொன்ன ஸ்தோத்திரம், நான் சொன்ன அதே ஸ்தோத்திரம். "நமக்குக் கீழே உள்ளவங்களைப் பாரு, அப்பத்தான் நன்றி வரும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வார்கள், நானும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. "இவர்களைவிட" என்ற சொல் என் கட்டத்துக்குள் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஜனவரி 2-ஆம் தேதி அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்க வாய் வரவில்லை, ஐந்து கிலோ அரிசியை நீட்டினேன். அவர் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "டீச்சர், ரேஷன் கார்டு தண்ணியில போச்சு. இந்த ஆறாயிரம் ரூபா நிவாரணம் வாங்க என்ன செய்யணும்னு கேட்டுச் சொல்லுதீகளா?" என்றார். சரி என்றேன். அடுத்த இரண்டு வாரம் அவருக்காகவும், அவரைப் பார்த்து வந்த இன்னும் ஆறேழு பேருக்காகவும் மனு எழுதுவதும் ஜெராக்ஸ் எடுப்பதும் அலுவலக வாசலில் நிற்பதுமாகப் போயிற்று. மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சாட்சி என்று யோசிப்பார், மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். மறக்காமலும் இருக்கலாம்.

அந்த மாதத்தில் ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கழுவி அடுப்பங்கரை மூலையில் வைத்தேன். அரிசி அளந்ததும் ஒரு பிடி. எங்கள் கோயிலில் இப்போது கைப்பிடி அரிசி வாங்குவது கிடையாது, அதனால் மாதக் கடைசியில் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு அந்த டப்பா போகும். அத்தை முதலில் "இது என்னட்டி புதுசா" என்றார். ஆச்சி சொன்னதைச் சொன்னேன். "உங்க ஆச்சி காலத்துல அரிசி படி என்ன வெல?" என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து அவரே அள்ளிப் போடுகிறார். அவர் பிடி என் பிடியைவிடப் பெரிது.

என் வீட்டுக்காரர் கதை வேறு. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய இரண்டு ஏக்கர் வாழை, குத்தகை நிலம், வட்டிக்கு வாங்கிய பணம், எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. ஐயர் வீட்டுக்கு வந்து ஆபகூக் மூன்றாம் அதிகாரம் வாசித்தார்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போனாலும்... இவர் கேட்டுவிட்டு, "ஐயா, அந்தப் பட்டியல்ல வாழை இல்லையே" என்றார். ஐயர் சிரித்துவிட்டார், இவரும் சிரித்தார், அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்று ஒரு தடவைதான். அவர் காலண்டரில் எழுத மாட்டார். நான் எழுதச் சொன்னதும் இல்லை. அடிபட்டுக் கிடக்கிறவரிடம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் பேசிய அந்த மாமாவின் இடத்தில் நான் நிற்க மாட்டேன். ஆனால் அவர் தினமும் காலையில் பால் கணக்கைப் பார்ப்பது போலப் போய் முந்தின நாள் கட்டத்தை வாசிக்கிறார். நான் கவனிக்காதது போல இருந்துகொள்கிறேன்.

பள்ளியில் பலரும் கேட்கிறார்கள், எப்படி ஆரம்பிப்பது என்று. டைரி வாங்காதீர்கள் என்பேன் முதலில். வாங்கின டைரிகள் என் அலமாரியில் மூன்று இருக்கின்றன, மூன்றிலும் ஜனவரி 9-க்கு மேல் எழுத்தில்லை. எப்படியும் தினம் கை போகிற இடத்தில் வையுங்கள், காலண்டரோ, ஃப்ரிட்ஜ் கதவோ, மாத்திரை டப்பா மூடியோ. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பேனா தேடும் நேரத்தில் மனசு மாறிவிடும். இரண்டு நாள் விட்டுப்போனால் போகட்டும், கடன் மாதிரி மொத்தமாக எழுதி அடைக்க வேண்டாம். வெள்ளம் மாதிரி ஒரு நாள் வந்தால் அது வேறு கணக்கு. பெரிய அற்புதத்துக்குக் காத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு கட்டம்தான் நிறையும். குடும்ப ஜெபத்தில் அன்றைய கட்டத்தை வாசித்துவிட்டு அப்புறம் விண்ணப்பத்துக்குப் போனால் ஜெபம் சுருங்கிவிடுகிறது, அதில் பிள்ளைகளுக்குத்தான் ஏகப்பட்ட சந்தோஷம்.

வகுப்பிலும் திங்கட்கிழமை தோறும் ஐந்து நிமிஷம் செய்து பார்த்தேன். எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் ஜெபமாக இல்லை, "நேத்து நடந்ததுல எது நல்லாருந்துச்சு, யாருக்கு நன்றி சொல்லணும்?" என்று மட்டும். பரோட்டா, கிரிக்கெட், புது நாய்க்குட்டி என்று வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஒரு பெண் பிள்ளை எழுந்து "எங்க அப்பா நேத்து குடிக்கல டீச்சர்" என்றாள். யாருக்கு நன்றி சொல்லணும் என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உட்காரம்மா என்றேன். அன்றைய என் கட்டத்தில் அவள் அப்பாதான்.

அத்தைக்கு இப்போது 81 வயது, கண் சரியாகத் தெரியவில்லை. ராத்திரி கட்டிலில் இருந்தபடியே "இன்னைக்கு என்னத்தட்டி எழுதுதே?" என்று கேட்பார். வாசித்துக் காட்டினால் பாதி நாள் "அது ஒரு விஷயமா" என்பார். போன வாரம் அவரே சொன்னார்: "மோட்டார் ரிப்பேர் பாக்க வந்தாம்லா, அந்தப் பையனை எழுது. போகும்போது 'வாரேன் ஆச்சி'ன்னு சொல்லிட்டுப் போனான்." எழுதினேன். அடுத்த நாள் நான் அலுப்பில் படுத்துவிட்டேன், கட்டம் காலி. பால் கணக்கும் எழுதவில்லை, இப்போது அந்த ½ போட்டேனா இல்லையா என்று பால்காரருக்கும் எனக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.